பயந்த முகம்

ஜூன் 3

தம்பிக்கு,

நேற்று போனைப் பாதியில் வைத்ததற்கு சமாதானம் சொல்ல இதை எழுதவில்லை. போனில் என்றால் நான் கத்திவிடுகிறேன், நீ சிரித்து மழுப்பிவிடுகிறாய். செல்லில் தட்டி அனுப்பலாம் என்றால் அது பாதி நேரம் வாலுவின் கையில் இருக்கிறது. அவளைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. அதனால் காகிதம்.

பள்ளி விடுமுறைக்கு உன்னிடம் நான் அனுப்பிய மகள் ஒருத்தி, திரும்பி வந்தவள் வேறொருத்தி. பேருந்தை விட்டு இறங்கும்போதே முகம் சரியில்லை. பயணக் களைப்பு என்று விட்டுவிட்டேன். மறுநாள் தலைவாரிவிடக் கண்ணாடி முன்னால் உட்காரவைத்தால், எழுந்து சமையலறைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். "இங்கயே வாரிவிடும்மா" என்றாள். குளியலறைக் கண்ணாடியில் துண்டைப் போட்டு மூடிவைக்கிறாள். நான் எடுத்தால் திரும்பவும் மூடுகிறாள். பதினொரு வயதில் பின்னலை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு கண்ணாடியே கதி என்று கிடந்தவள்.

என்ன நடந்தது என்று கேட்டால் "ஒண்ணுமில்ல". மாமாவோடு சண்டையா என்றால் "இல்ல". "அந்தப் பேய் வீட்டுக்குள்ள போனியா?" என்றேன். எழுந்து உள்ளே போய்விட்டாள். எனக்கு அது போதும்.

கேளிக்கைப் பூங்காவில் நீ கட்டிய பேய் வீட்டில் கண்ணாடிக்குள்ளிருந்து ஒரு பெண் எட்டிப் பார்ப்பாள் என்று நீயே வாய் ஓயாமல் சொல்லியிருக்கிறாய். அந்தப் பூங்காவுக்கு யார் யார் பிள்ளைகளோ வரட்டும், போகட்டும். என் பெண்ணை ஏன் உள்ளே விட்டாய்? வாசலில் பன்னிரண்டு வயது முடிந்தவர்களுக்கு மட்டும் என்று பலகை எழுதியவன் நீதானே?

நான் குழந்தைகள் வார்டில் நர்ஸ். பயந்த பிள்ளைகளின் முகத்தில்தான் என் வேலைநாள் விடிகிறது. அந்தப் பயத்தைக் கொஞ்சம் குறைக்க நாங்கள் படாத பாடு படுகிறோம். நீ அதையே பலகையடித்து, சாயம் பூசி, டிக்கெட் போட்டு விற்கிறாய். அக்காவும் தம்பியும் நன்றாகத்தான் தொழிலைப் பிரித்துக்கொண்டிருக்கிறோம்.

பதில் எழுது. சிரிக்காமல் எழுது.

அக்கா


ஜூன் 8

அக்காவுக்கு,

சிரிக்கவில்லை. ஒன்றை எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

வாலுவை உள்ளே விட்டது உண்மை. பன்னிரண்டு முடிய இன்னும் சில மாதம் இருக்கிறது என்பதும் உண்மை. வந்த நாளிலிருந்து காலைச் சுற்றிக்கொண்டு "மாமா, ஒரே ஒரு தடவை" என்று கெஞ்சினாள். கிளம்புவதற்கு முந்தின நாள் மனசு இளகி உள்ளே விட்டேன். தனியாக அனுப்பவில்லை. ஏதோ ஒரு பள்ளியிலிருந்து பெரிய பெண்கள் கூட்டம் ஒன்று வந்திருந்தது, அதோடு சேர்த்து அனுப்பினேன். நான் மின்சார அறையில் இருந்தேன்.

உள்ளே என்ன இருக்கிறது என்று நீ நினைக்கிறாய்? ஒட்டுப்பலகை, பழைய திரைச்சீலை, காற்றைப் பீய்ச்சும் குழாய். ஓலம் போடுவது ஒரு பலூன். ஈர விரலால் தேய்த்து நானே பதிவு செய்தது. கண்ணாடியில் வருவது கண்ணாடியக்கா என்று நாங்கள் எல்லோரும் கூப்பிடும் ஓர் அம்மா. காலையில் தையல் கடை, மத்தியானத்துக்கு மேல் பேய். கூட்டமில்லாத நேரத்தில் கண்ணாடிக்குப் பின்னால் முக்காலி போட்டுப் பட்டாணி உரித்துக்கொண்டிருப்பார்.

பிள்ளைகள் அலறிக்கொண்டு ஓடுவதைப் பார்க்கிறாய் அக்கா. வெளியே வந்ததும் மறுபடி வரிசையில் போய் நிற்பதை நீ பார்த்ததில்லை. ஊஞ்சல் உயரப் போகும்போது வயிற்றுக்குள் ஒன்று நழுவுமே, அதற்காகத்தானே குழந்தைகள் ஊஞ்சல் கேட்கிறார்கள்? அதே நழுவலைத்தான் நானும் கொடுக்கிறேன்.

இன்னொன்று. போர்வைக்குள் டார்ச்சை முகவாய்க்குக் கீழே பிடித்துக்கொண்டு என்னைப் பயமுறுத்தியது யார்? மறுநாளும் "அக்கா, டார்ச்சு" என்று வந்து நின்றது யார்? நிழலைக் கண்டாலே நடுங்குகிற பையனாக இருந்தேன். அந்த விளையாட்டுத்தான் என்னைத் தேற்றியது. இன்றைக்கு இந்தத் தொழிலில் இருக்கிறேன் என்றால் முதல் பாடம் உன்னிடம் படித்ததுதான்.

வாலு வெளியே வந்தபோது கொஞ்சம் சோர்ந்திருந்தாள். ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன். சரியாகிவிட்டாள் என்றுதான் நினைத்தேன். நாலு நாள் விடு, தானாகக் கண்ணாடி முன்னால் போய் நிற்பாள்.

தம்பி


ஜூன் 14

தம்பிக்கு,

நாலு நாள் விட்டேன். பள்ளி திறந்துவிட்டது. முதல் நாள் போனாள். இரண்டாம் நாள் வயிற்றுவலி. மூன்றாம் நாளும். எங்கள் டாக்டரிடம் காட்டினேன், வயிற்றில் ஒன்றுமில்லை. அத்தான் லாரியிலிருந்து வந்து இறங்கியவர், "என்னடா, எங்க வீட்டு வாலைச் சுருட்டி வெச்சுட்ட" என்று அவளைச் சீண்டினார். அவரைப் பார்த்துக்கூடச் சிரிக்கவில்லை.

நீ வாங்கிக் கொடுத்த ஐஸ்கிரீமை அவள் சாப்பிடவில்லை. அது உனக்குத் தெரியாது. கையில் உருகி வழிந்து சட்டைக் கையெல்லாம் கறை. துவைத்தவள் நான்.

டார்ச் கதையை எடுத்தாய். நன்றாக யோசித்துப் பார். "போதும்க்கா" என்று நீ சொன்ன நொடியே நான் அணைத்துவிடுவேன். அணைக்க ஒருத்தி பக்கத்திலேயே, உன் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். உன் வீட்டில் யார் அணைப்பார்கள்?

ஊசி போடும்போது எந்தப் பிள்ளையையும் நான் ஏமாற்றியதில்லை. முன்னால் வந்து நின்று, "இப்ப குத்தப் போறேன், வலிக்கும், சீக்கிரம் முடிஞ்சிடும்" என்று சொல்லிவிட்டுத்தான் குத்துவேன். சொல்லிக் குத்தினால் அழுதாலும் அடுத்த தடவை கையை நீட்டுவார்கள். சொல்லாமல் பின்னாலிருந்து பிடித்தால் அடுத்த தடவை வார்டு வாசலிலேயே அலறுவார்கள். உன் வீட்டில் எல்லாமே பின்னாலிருந்துதான் வருகிறது.

போன வாரம் எங்கள் ஊர் ஆறு வயதுப் பையன் ஒருவனைக் கொண்டுவந்தார்கள். கை எலும்பு முறிவு. உன் பேய் வீட்டிலிருந்து. அப்பா தோளில் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார், "ஆம்பளப் பையன் பயப்படக் கூடாதுன்னு பழக்கினேன் சிஸ்டர்" என்றார். பையன் திமிறிக் குதித்து, இருட்டில் ஓடி, எதன்மேலோ மோதி விழுந்திருக்கிறான். கை சேர்ந்துவிடும். விளக்கை அணைத்தால் கட்டிலிலிருந்து இறங்கிவிடுகிறான். அது எப்போது சேரும் என்று எனக்குத் தெரியவில்லை.

வருடா வருடம் வாலுவின் பள்ளிச் சுற்றுலா உங்கள் பூங்காவுக்குத்தான் வருகிறது. அதனால் பெற்றோர் சங்கத்தில் ஒரு மனு தயாராகியிருக்கிறது. பேய் வீட்டை மூடாவிட்டால் எங்கள் பிள்ளைகளை அனுப்ப மாட்டோம் என்று பூங்காவுக்கும் நகராட்சிக்கும். நானும் கையெழுத்துப் போட்டேன். அதைக் கட்டியவன் என் தம்பி என்று அங்கே யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம் மறைக்கவும் மனம் வரவில்லை.

வீட்டிலிருந்த பேய்க்கதைப் புத்தகங்களையெல்லாம் கட்டி மேலே போட்டுவிட்டேன். டிவியிலும் அதெல்லாம் கூடாது என்று சொல்லிவிட்டேன். "அம்மா, அதெல்லாம் என்னை ஒண்ணும் பண்ணல" என்கிறாள். பயந்த பிள்ளைகள் எல்லோரும் சொல்வது அது.

அக்கா


ஜூன் 19

அக்காவுக்கு,

மனுவின் நகல் உன் கடிதத்துக்கு முந்தின நாளே வந்துவிட்டது. முதலாளி என்னைக் கூப்பிட்டு மேசைமேல் போட்டார். "யாருய்யா இவங்க எல்லாம், தெரியுமா?" என்றார். நாலாவது கையெழுத்தை எனக்குத் தெரியாதா? என் மதிப்பெண் அட்டையில் அப்பா கையெழுத்தைப் போட்டுப் பழகிய கை அது. "தெரியாது சார்" என்று சொன்னேன்.

இங்கே நான் மட்டும் இல்லை. கண்ணாடியக்கா இருக்கிறார், சவப்பெட்டிக்குள் படுத்து எழுந்திருக்கும் எலும்புக்கூட்டுக்காரர் இருக்கிறார், டிக்கெட் கிழிக்கிற பெண் இருக்கிறாள். மூடினால் எல்லோரும் வெளியே. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போட்டிருக்கலாம். சொல்லாமல் குத்த மாட்டேன் என்று அதே கடிதத்தில் எழுதியிருக்கிறாய்.

கோபம் ஆறவில்லை. ஆனால் அந்தப் பையன் மனசை விட்டுப் போக மாட்டேன் என்கிறான். அவன் விழுந்த அன்று நான் மின்சார அறைத் திரையில் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அப்பா தோளில் ஒரு குழந்தை உதைத்துக்கொண்டிருந்தது. தினமும் இரண்டு மூன்று அப்பாக்கள் அப்படி வருவார்கள். எங்களுக்கு அது ஒரு வேடிக்கை. அன்றைக்கும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

நேற்று கூட்டம் வருவதற்கு முன்னால் நான் ஒரு காரியம் செய்தேன். நான் கட்டிய வீட்டுக்குள் முழங்கால் போட்டு நடந்தேன், சின்னப் பிள்ளை உயரத்தில். அங்கிருந்து பார்த்தால் வேறு வீடு அக்கா. சுவர் விளிம்பில் பெரியவர்களுக்கு வழி காட்டும் வெளிச்சம் கீழே வருவதில்லை. எந்தப் பக்கம் வழி என்று எனக்கே ஒரு கணம் புரியவில்லை.

வாலு விஷயம் மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. கண்ணாடியக்காவிடம் கேட்டேன். அவருக்கு அவளை நன்றாக நினைவிருக்கிறது. "உங்க அக்கா பொண்ணா? பயந்தாளா? யார் சொன்னா? என் ரூம்ல நின்னு என்னையே உத்துப் பாத்துட்டு, 'ஆன்ட்டி, முக்காலி கால் தெரியுது, தள்ளிப் போட்டுக்கோங்க'ன்னுட்டுப் போச்சு" என்றார். கண்ணாடி அறை கடைசிக்கு இரண்டு அறை முன்னால். அதுவரை நன்றாக இருந்திருக்கிறாள்.

அதற்கப்புறம்தான் என்னவோ. அவளிடம் பேயைப் பற்றிக் கேட்காதே. வெளியே வந்தபின் என்ன நடந்தது என்று கேட்டுப் பார்.

தம்பி


ஜூன் 24

தம்பிக்கு,

கேட்டேன்.

பள்ளியிலிருந்து மறுபடி வயிற்றுவலி என்று அழைப்பு. யூனிஃபார்மோடு ஓடினேன். அழைத்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தோம். இரண்டு பேருந்துகளை விட்டேன்.

"கண்ணாடில பேய் வருதாம்மா உனக்கு?" என்றேன்.

"இல்ல."

"பின்ன என்னதான்டி வருது?"

"என் மூஞ்சி வருது."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவளே கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். கடைசி அறையில் மேலேயிருந்து ஏதோ விழுந்ததாம். அலறினாளாம். "நல்லா இருந்துச்சும்மா, செம பயம்" என்றாள், அதைச் சொல்லும்போது முகம் மலரக்கூடச் செய்தது. வெளியே வந்தால் சுவரில் பெரிய திரை. அதில் அவள் முகம். வாய் கோணி, கண் பிதுங்கி, மூக்கு ஒழுகி. வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் பார்த்துச் சிரித்தார்களாம். கூட வந்த பெரிய பெண்களும்தான். அவளும் சேர்ந்து சிரித்தாளாம். "அழுதா இன்னும் சிரிப்பாங்கல்ல?" என்றாள்.

அது அதோடு போயிருந்தால் மறந்திருப்பாள். பூங்காவின் இணையப் பக்கத்தில் அந்தப் படத்தைப் போட்டிருக்கிறார்கள், 'இந்த சீசனின் சூப்பர் அலறல்' என்று. பள்ளி திறக்கும் முன்பே வகுப்பில் யாரோ அதைப் பார்த்து, வெட்டி, ஸ்டிக்கராக்கி, எல்லார் போனுக்கும் அனுப்பியாகிவிட்டது. யாராவது கணக்குத் தப்பாகப் போட்டால் அந்த ஸ்டிக்கர். சாப்பாடு பிடிக்காவிட்டால் அந்த ஸ்டிக்கர். இவள் வகுப்புக்குள் நுழைந்தால் பத்துப் பேர் அந்த மாதிரி வாயைக் கோணுகிறார்கள்.

"நான் பயந்தது பரவால்லம்மா. அதை எல்லாரும் பாத்துட்டாங்க" என்றாள்.

பேய்க்கதைப் புத்தகங்களைக் கட்டி மேலே போட்டேன் என்று எழுதினேன் அல்லவா? அன்றைக்கே 'அது என்னை ஒண்ணும் பண்ணல' என்று சொன்னாள். வார்டில் ஒரு குழந்தை 'இங்கே வலிக்கவில்லை, அங்கே' என்று சொன்னால் உடனே கையை மாற்றி வைப்பேன். வீட்டில் கேட்கவில்லை.

அந்தப் படத்தை நீ பார்த்தாயா, இல்லையா? இதற்கு மட்டும் நேராகப் பதில் சொல்.

அக்கா


ஜூன் 29

அக்காவுக்கு,

பார்த்தேன். தினமும் பார்த்தேன். அடையாளம் தெரியவில்லை.

இணையப் பக்கத்தில் மட்டும் இல்லை அக்கா, பெரிய சாலையைப் பார்த்தாற்போல் வாசலில் ஆள் உயரத்துக்குப் பலகை வைத்திருக்கிறது. என் வண்டியை அதன் நிழலில்தான் நிறுத்துவேன். உன் கடிதம் வந்ததும் போய் நின்று பார்த்தேன். நெற்றியோரம் அந்தச் சின்ன மச்சத்தைப் பார்த்தபின்தான் தெரிந்தது. தூக்கி வளர்த்த பிள்ளை. பயந்த முகம் எல்லாம் எங்களுக்கு ஒரே முகமாகிவிட்டது போலிருக்கிறது.

கேமரா வைக்கலாம் என்றது முதலாளி. அதை எந்த உயரத்தில், எந்தக் கோணத்தில் வைத்தால் முகம் தெளிவாக விழும் என்று பார்த்துப் பொருத்தியது நான். அதை நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன்.

ஏணியைப் போட்டுப் பலகையைக் கழற்றினேன். நல்ல வெயில், வரிசையில் கூட்டம், எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். முதலாளி ஓடி வந்தார்.

"என்னய்யா பண்றே?"

"இது என் அக்கா பொண்ணு சார்."

பலகையில் இருந்த முகத்தைப் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை அவர். பிறகு, "டிக்கெட்டுக்குப் பின்னால அச்சடிச்சிருக்கே, படம் எடுப்போம்னு" என்றார்.

"பின்னால யாரு சார் படிக்கிறா? அவளுக்கு நான் டிக்கெட்டே போடல."

அவள் படத்தை இணையப் பக்கத்திலிருந்து எடுக்கச் சம்மதித்தார். கேமராவை எடுக்க மாட்டாராம். பாதிப் பேர் அந்தப் படத்துக்காகத்தான் வருகிறார்களாம். அதுவும் பொய்யில்லை. பெரிய பையன்கள் தங்கள் படத்துக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டுதான் போகிறார்கள். அவர்களுக்கு அது சந்தோஷம்தான். கேட்டுவிட்டு எடுத்தால் போதும், கேட்கத்தான் ஆளில்லை.

கேமரா ஒயரை நான் பிடுங்கிவிட்டேன். மறுபடி மாட்டு, இல்லையென்றால் வராதே என்று சொல்லியிருக்கிறார். வீட்டில்தான் இருக்கிறேன்.

மனுவைத் திரும்பப் பெறு என்று கேட்க இதை எழுதவில்லை. அந்தப் பையனுக்காக நீ போட்ட கையெழுத்து சரிதான். ஆனால் பேய் வீட்டை மூடினாலும் அந்த ஸ்டிக்கர் மூடாது. அதை மனுவில் யாராவது எழுதினார்களா?

தம்பி


ஜூலை 9

தம்பிக்கு,

பெற்றோர் கூட்டம் நேற்று நடந்தது. முதல் முக்கால் மணி நேரம் பேய்தான். பேய்ப்படம் பார்த்தால் மூளை என்ன ஆகும், பேய் முகமூடி விற்கிற கடைகளை என்ன செய்யலாம், எல்லாம் பேசியாயிற்று. ஆளுக்கு ஒரு கதை. எல்லோருக்கும் ஒரே குரல். நானும் முன்பு அந்தக் குரலில்தான் பேசினேன், அதனால் குறை சொல்லவில்லை.

பிறகு எழுந்து, அந்த வீட்டைக் கட்டியது என் தம்பி என்றேன். அந்தப் படத்தில் இருப்பது என் பெண் என்றேன். கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "அதை ஸ்டிக்கராக்கினது நம்ம பிள்ளைங்கதான். அதைப் பத்தியும் பேசணும்" என்றேன்.

சங்கத் தலைவர் மருந்துக்கடைக்காரர், மரியாதையான மனிதர். "பசங்க ஏதோ விளையாட்டுக்குப் பண்ணிருப்பாங்க சிஸ்டர், இதைப் பெரிசு பண்ணணுமா?" என்றார். அறையில் பாதிப் பேர் செல்லைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். பேயைப் பற்றி அத்தனை பேச்சு பேசியவர்கள்.

கடைசி வரிசையில் ஒரு அம்மா எழுந்தார். "என் பொண்ணு போன்ல இருக்கு அது. நானும் பார்த்துச் சிரிச்சேன். யாருன்னு தெரியாது" என்றார். அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டார். ஆனால் அறையின் சத்தம் மாறிவிட்டது.

மனுவை மாற்றி எழுதியிருக்கிறோம். மூடு என்று கேட்கவில்லை. வயதைப் பார்த்து உள்ளே விட வேண்டும். யாரையும் தூக்கிக்கொண்டோ இழுத்துக்கொண்டோ உள்ளே போகக் கூடாது. ஒவ்வோர் அறையிலும் வெளியே போக ஒரு கதவு வேண்டும். கேட்காமல் முகத்தைப் படம் எடுக்கக் கூடாது. இது நடந்தால் சுற்றுலா வரும். மூடத்தான் வேண்டும் என்று ஆறு பேர் இதில் கையெழுத்துப் போடவில்லை. அவர்கள் கவலையும் எனக்குப் புரிகிறது.

வகுப்பாசிரியை பிள்ளைகளிடம் பேசினார். அழிக்கச் சொன்னார். அழித்தவர்களும் உண்டு, இல்லாதவர்களும் உண்டு. வாலு இப்போது போகிறாள். மத்தியானம் தனியாகத்தான் சாப்பிடுகிறாளாம். குளியலறைத் துண்டு இன்னும் அங்கேயே தொங்குகிறது. நான் எடுப்பதை நிறுத்திவிட்டேன்.

கை முறிந்த பையன் வீட்டுக்குப் போய்விட்டான். போகும்போது அவன் அப்பாவிடம், "ஒரு மாசத்துக்கு விளக்கோட தூங்கட்டும், பயந்தாங்கொள்ளின்னு மட்டும் சொல்லாதீங்க" என்றேன். தலையாட்டினார். வீட்டில் என்ன சொல்வாரோ.

உன் வேலை என்ன ஆயிற்று?

அக்கா


ஜூலை 30

அக்காவுக்கு,

வேலை திரும்பக் கிடைத்தது, வேறு மாதிரி. உங்கள் மனு வந்த வாரமே இன்னும் இரண்டு பள்ளிகள் அதையே கேட்டு எழுதிவிட்டன. முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். "உங்க அக்கா கேட்ட கதவை நீயே போடு. வாசல்லயும் நீயே நில்லு. திட்டு வாங்குறது உன் வேலை" என்றார். தண்டனையாகத்தான் கொடுத்தார்.

நன்றாக வாங்குகிறேன். "என் பிள்ளைய நான் கூட்டிட்டுப் போறேன், உனக்கென்ன?" என்று அப்பாக்கள். "நான் பத்தாவது படிக்கிறேன்" என்று முட்டிவரை உயரமுள்ளவர்கள். மின்சார அறையில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஒரு முகமும் தெரியாது. இப்போது உள்ளே போகுமுன் ஒவ்வொரு முகத்தையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

எல்லா அறையிலும் இடது பக்கம் ஒரு கதவு. தள்ளினால் திறக்கும். இடுப்பு உயரத்தில் சின்னப் பச்சை விளக்கு. பயம் போய்விடும் என்று முதலாளி சண்டை போட்டார், நானும் அதையே நினைத்தேன். அப்படி ஆகவில்லை. கதவு இருக்கிறது என்று தெரிந்தவர்கள் இன்னும் மெதுவாக நடக்கிறார்கள். நின்று பயப்படுகிறார்கள்.

உள்ளே இருந்த கேமரா இப்போது வெளியே, தனியாக ஒரு மூலையில். வேண்டுமென்றால் போய் நின்று அலறிப் படம் எடுத்துக்கொள்ளலாம். அங்கேதான் இப்போது வரிசை நீளம். கூட்டம் முன்பைவிடக் கொஞ்சம் குறைவு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ போனை வாலுவிடம் கொடுத்தாயே, அப்போது அவளிடம், "வா, விளக்கெல்லாம் போட்டு, ஒயர் பலகை எல்லாத்தையும் காட்டுறேன், பயமே இருக்காது" என்றேன். அவளைச் சரிசெய்கிற நினைப்பு.

"ஒயரைப் பாக்க எதுக்கு மாமா அவ்ளோ தூரம் வரணும்? வந்தா இருட்டுல தான் வருவேன். அம்மாவும் வரட்டும்" என்றாள்.

அவளுக்குப் பன்னிரண்டு எப்போது முடிகிறது என்று வாசலில் நிற்பவனாகக் கேட்கிறேன். அதற்கு முன்னால் விட மாட்டேன்.

தம்பி


அக்டோபர் 21

தம்பிக்கு,

சனிக்கிழமை உன்னோடு நின்று பேச முடியவில்லை, வாசலில் உனக்கு அவ்வளவு கூட்டம். ஒரு அப்பா உன்னைப் பிடித்துத் திட்டிக்கொண்டிருந்தார். நீ அவருக்குப் பதில் சொல்லாமல் குனிந்து அந்தப் பெண் குழந்தையிடமே, "உனக்குப் போகணுமா, வேணாமா?" என்று கேட்டாய். அவள் வேண்டாம் என்று தலையாட்டியதையும், நீ "சரி" என்று சொன்னதையும் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனேன். வாலுவின் பிறப்புச் சான்றிதழை நீ உண்மையிலேயே வாங்கிப் பார்த்தது கொஞ்சம் அதிகம்.

உள்ளே என்ன ஆனது என்று உனக்குத் தெரியாது. இப்போது உங்களுக்கு உள்ளே பார்க்கத் திரையே இல்லையே.

முதல் அறை பரவாயில்லை. இரண்டாவதில் என் கழுத்தில் காற்று பட்டது. மூன்றாவதில் அந்தப் பலூன் அழத் தொடங்கியது. பலூன் என்று நீயே எழுதியிருந்தாய். தெரிந்து என்ன பயன்? குழந்தைகள் வார்டில் அந்த மாதிரி ஒரு சத்தம் கேட்டால் நான் ஓட வேண்டும். கால் தானாக ஓடப் பார்த்தது, ஓட இடமில்லை. வாலுவின் கையை விட்டுவிட்டு, பச்சை விளக்கைத் தேடி, கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

வெளியே கட்டடத்தின் பின்பக்கம். காலிப் பெயின்ட் டப்பாக்கள், துணி காயும் கொடி, நல்ல வெயில். உன் எலும்புக்கூட்டுக்காரர் முகத்தில் சாயத்தோடு பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டார். "உக்காருங்க மேடம். நிறைய பேர் இங்கதான் வருவாங்க" என்றார்.

அப்போது உள்ளே வாலு அலறினாள். எத்தனை பேர் அலறினாலும் அவள் குரல் எனக்குத் தெரியும். எழுந்து கதவில் கை வைத்துவிட்டேன்.

"திறக்கலாம் மேடம்" என்றார் அவர். "ஆனா பாப்பா கூப்பிடலையே."

கதவில் வைத்த கை அப்படியே இருந்தது. இன்னொரு அலறல். அதற்குப் பிறகு சிரிப்பு. அதுவும் அவளுடையதுதான். இந்த ஐந்து மாதமாக எங்கள் வீட்டில் கேட்காத அளவுக்குச் சத்தமான சிரிப்பு. கையை எடுத்தேன்.

பேய் வீடு பிள்ளைகளுக்கு நல்லது என்று என் வாயால் வராது தம்பி. அந்தப் பையன் இன்னும் விளக்கோடுதான் தூங்குகிறான், அவன் அம்மா வந்து சொன்னார். ஆனால் அன்றைக்கு அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, அவள் உள்ளே எனக்குத் தெரியாத எதையோ தனியாகச் செய்துகொண்டிருக்கிறாள் என்று தோன்றியது. அதில் எனக்கு வேலையில்லை, வெளியே இருப்பதுதான் வேலை.

சுற்றிக்கொண்டு முன்பக்கம் போனேன். வந்தாள். பின்னல் அவிழ்ந்து, முகமெல்லாம் வேர்வை.

"நீ எங்கம்மா போயிட்ட?"

"மூணாவது ரூம்லயே வெளிய வந்துட்டேன்டி."

என்னை ஒரு கணம் பார்த்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். அப்பாவிடம் சொல்வாள், மாமாவிடம் சொல்வாள், இனி வருடம் முழுக்க இதுதான் என்று நினைத்தேன். அவள் என் கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, கலைந்திருந்த என் தலையை விரலால் சரிசெய்துவிட்டாள்.

"பரவால்லம்மா" என்றாள். "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

சொல்லவும் இல்லை. உனக்கு நானே சொல்கிறேன். உன்னோடு இருக்கட்டும்.

அக்கா